பனையடித் தெருவில் புகை எழுந்தருளியபோது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனையடித் தெருவுக்குச் சவாரி வருகிற ஆட்டோக்காரர்கள் முனையிலேயே வண்டியை ஓரங்கட்டி, "இதுக்கு மேல போகாதுங்க, புகை வர்ற நேரம்" என்று சொல்லி ஆளை இறக்கிவிடுவதும், இறங்கியவர்கள் ஏன் எதற்கென்று கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்துபோவதும் தூத்துக்குடியில் வெகு சீக்கிரம் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தப் புகை முதன்முதலாகக் கிளம்புவதற்கு முன்னால் பொன்னரசு என்ற மனிதர் ஓர் அடுப்பை வாங்குவதா வேண்டாமா என்று யோசித்த யோசனை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் புகையைச் சொன்னால் கதை பாதியில் தொடங்கியதாகிவிடும்.

பொன்னரசுக்கு ஐம்பத்து நாலு வயது. உப்பளக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் பொறுப்பாளர். பாத்தியிலிருந்து வரும் உப்பைக் கண்ணாடிக் குப்பியில் கரைத்துப் பார்த்து, ஈரம் கூடுதல் என்றால் கூடுதல், மண் கலந்திருக்கிறது என்றால் கலந்திருக்கிறது என்று எழுதிவிடுவார். முதலாளியே வந்து பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினாலும் எழுதியதை மாற்ற மாட்டார். உப்பில் இருந்த அந்தத் தெளிவு வாழ்க்கையின் மற்றக் காரியங்களில் அவருக்கு வாய்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் வாங்க ஒன்றரை வருஷம் யோசித்தார். கனகமணியைப் பெண் பார்த்துவிட்டு வந்து சரியென்று சொல்ல நாலு மாதம் எடுத்துக்கொண்டார். கடைசியில் பெண் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதா என்பதில் அவருக்கு அப்போது சந்தேகமே இல்லை, தனக்கு இவ்வளவு பிடித்திருப்பது சரிதானா என்பதில்தான் சந்தேகம் இருந்தது.

கனகமணியின் மூக்கைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆக்குகிற படைப்புச் சோற்றையும் குழம்பையும் சாமிக்குப் படைக்கும் முன்னால் யாரும் நாக்கில் வைக்கக் கூடாது என்பதால், கொதிக்கிற அண்டாவுக்கு மேலே கனகமணி வந்து குனிந்து, ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்து, "இன்னும் அரைக் கை போடுங்க" என்றோ "போதும், இறக்குங்க" என்றோ சொல்லுவாள், அவள் சொன்னால் சொன்னதுதான். லத்தீப் பாய் வீட்டுக் கல்யாண பிரியாணிக்கும் அவள்தான், ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக் கிறிஸ்மஸ் கறிக்கும் அவள்தான். உப்பை நாக்கால் பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், மூக்கால் பார்க்கிறவள் எங்கள் தெருவில் இருக்கிறாள் என்று பனையடித் தெருக்காரர்கள் பக்கத்துத் தெருவில் போய்ப் பீற்றிக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அந்த மூக்கை எடுத்துக்கொண்டு போனது. போனது தெரிந்ததே ஒரு காலையில் பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துக் கருகி, நாலு வீடு தாண்டி ஸ்டெல்லா டீச்சர் ஓடி வந்து அடுப்பை அணைத்தபோதுதான். கனகமணி அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாக்கும் மூக்கோடு சேர்ந்து போய்விட்டது. எதை வைத்தாலும் ஈரமான காகித அட்டையைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் என்று நாளுக்கு இரண்டு வேளை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். முகர்ந்தாள், முகர்ந்தாள், ஒரு நாள் கிராம்பை எடுத்து அஞ்சறைப்பெட்டியில் திரும்பப் போட்டு மூடிவிட்டாள்.

சமையலை மட்டும் விடவில்லை. கைப்பழக்கத்தில் ஆக்கினாள். ஆனால் மூக்கு இருந்தவரைக்கும் கைக்கு ஒரு தைரியம் இருந்தது போலும், இப்போது கை சந்தேகப்பட்டு இரண்டாம் தரம் உப்பு ஜாடிக்குப் போனது, சில நாள் மூன்றாம் தரமும் போனது.

"நல்லாருக்கா?" என்பாள்.

"நல்லாருக்கு" என்பார் பொன்னரசு, ஆய்வகத்தில் எவனுக்காகவும் ஓர் எழுத்தை மாற்றாத பொன்னரசு, சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீரைக் குடிப்பார். குடித்துவிட்டு, இது பொய்யா இல்லை பாசமா, பாசம் என்றால் அதைச் சொல்லும்போது ஏன் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை என்று கை கழுவுகிற இடத்தில் நின்று யோசிப்பார். தெருவும் அவரைப் போலவே அன்பாக இருந்தது. அக்காவுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்லி அடுத்த கொடைக்கு ஏரல் ஊரிலிருந்து சமையல்காரரை வரவழைத்தார்கள். அன்றைக்குக் கனகமணி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கையில்தான் ஒரு சாயங்காலம் இருவரும் கடற்கரை ரோட்டில் நடந்து வந்தபோது, புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டலின் வாசலில் கரிக் கனலில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார்கள், கனகமணி சட்டென்று நின்றாள்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. மூக்குக்குள்ள யாரோ கதவத் தட்டின மாதிரி இருந்துச்சு."

"என்ன வாடை?"

"வாடையெல்லாம் இல்ல. தட்டின மாதிரி. அவ்வளவுதான். வாங்க."

அவள் நடந்துவிட்டாள். அவர் அங்கேயே நின்றார். ஹோட்டலுக்குள் கூட்டிப்போய் ஒரு கோழியை வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று வேறு யாருக்கும் தோன்றியிருக்கும். பொன்னரசுக்குத் தோன்றியது, தட்டியது யாரோ அவரை வீட்டுக்கே வரவழைத்துவிட வேண்டும் என்பது.

அடுப்பு தேடும் படலம் அன்றிரவே தொடங்கியது. உருண்டையா, சதுரமா, மூடி போட்டதா, மூடி இல்லாததா, காலுள்ளதா, மேசைமேல் வைப்பதா என்று செல்போனில் பார்க்கப் பார்க்க உலகத்தில் இத்தனை பேர் கோழியைச் சுட்டுத் தின்பதற்காக இத்தனை யோசித்திருக்கிறார்களா என்று அவருக்கு ஓர் ஆறுதல் உண்டானது. தன்னைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். துபாயில் இருந்த கனகமணியின் அக்கா மகன் சுடலைராஜுக்குப் போன் போட்டார்.

"சித்தப்பா, கண்ணை மூடிக்கிட்டு மூடி போட்டதா வாங்குங்க" என்றான் அவன். "அடியில ஒரு காத்துத் துவாரம், மூடியில ஒரு காத்துத் துவாரம் இருக்கணும். அதைத் திறந்தா தீ ஏறும், மூடினா இறங்கும். அதுதான் உங்க கேஸ் திருகி. வேற ஒண்ணும் கிடையாது."

"விட்டம் எவ்வளவு?"

"நீங்க ரெண்டு பேருதானே?"

"தெருவுல கேட்டா குடுக்கணும்லா?"

"அப்ப பெருசா வாங்குங்க. கரியை ஒரு பக்கமா ஒதுக்கிப் போட்டு, இன்னொரு பக்கம் சும்மா இடம் விடணும். கருகுற மாதிரி இருந்தா கோழியை இந்தப் பக்கம் தள்ளிடலாம். சின்னதுல தள்ள இடம் இருக்காது."

தள்ளி வைக்க ஓர் இடம் வேண்டும் என்பது பொன்னரசுக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை இரண்டு நாள் யோசித்தார். பிறகு நீளமான இடுக்கி ஒன்று, முழங்கை வரை வருகிற கையுறை ஒன்று, கம்பி வலை தேய்க்கிற பிரஷ் ஒன்று, கரியை நிறுத்திவைத்துப் பற்றவைக்கிற ஓட்டை போட்ட தகர உருளை ஒன்று என்று சேர்ந்துகொண்டே போய், வெப்பமானி வாங்குவதா வேண்டாமா என்பதில் மூன்று வாரம் நின்றது. கனகமணி, "கோழிக்குக் காய்ச்சல் பாக்கப் போறீங்களா?" என்று கேட்ட பிறகு அது நின்றேபோனது.

கரிக்கு லத்தீப் பாய் இருந்தார். விளாத்திகுளத்துப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகக் கரி இறக்கி டீக்கடைகளுக்கும் இஸ்திரி வண்டிகளுக்கும் போடுகிறவர். தன் வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் கண்டதில்லை.

"அண்ணாச்சி, கரின்னா கரிதான். கருப்பா இருக்கும், எரியும்."

"சீமைக்கருவேலக் கட்டி நல்லதா, தேங்காய்ச் சிரட்டைக் கரி நல்லதா, அச்சுல அடிச்ச கரி நல்லதா?"

"அச்சுக் கரி நின்னு எரியும், ஆனா அதுல என்ன மாவு சேர்த்திருக்கான்னு எனக்கே தெரியாது. சிரட்டை சூடு ஜாஸ்தி, சீக்கிரம் படுத்துரும். உடைமரக் கட்டிதான், நீங்க சொன்ன சீமைக்கருவேலம்தான், உங்களுக்கு. பெரிய துண்டா பாத்து எடுங்க, தட்டினா கண்ணாடி மாதிரி சத்தம் வரணும்."

பொன்னரசு ஒவ்வொரு துண்டாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுப் பொறுக்கினார். மத்தியானத்துக்குள் அவர் முகமும் கரிமூட்டையும் ஒரே நிறமாகிவிட, லத்தீப் பாய் மகளிடம் சொல்லி மோர் கொண்டுவரச் செய்தார்.

பற்றவைப்பதில்தான் விஷயம் இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றாதே, வாடை கறியில் ஏறிவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். பதிலுக்கு ஒரு வெள்ளைக்காரர் தகர உருளைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று இரண்டு சின்னக் கட்டிகளை வைத்து, ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார்; குப்பென்று அழகான தீ. பொன்னரசு அந்த இடத்தை நிறுத்திப் பார்த்தார். சந்தேகப்படவே பிறந்த மனிதர், வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தில் துளியும் சந்தேகம் இல்லாமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பூஜைச் சாமான் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் கட்டிக் கற்பூரம் வாங்கி வந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கற்பூரம் சுடர்விட்டபோது, மசாலா தடவிய கோழியோடு படியேறி வந்த கனகமணி தன்னையறியாமல் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தீயின்மேல் இரு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஆட்டோ மாடசாமியும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தீ கரிக்கு ஏறியது. பொன்னரசுக்குப் பொறுக்கவில்லை, கரியைக் கொட்டின கையோடு கோழியை வலைமேல் வைத்துவிட்டார். புகை எழுந்தது. எழுந்து ஓர் ஆள் உயரம் போனதும், அங்கே ஏதோ யோசிப்பது போல் நின்று, குனிந்து, மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கியது.

ஒரு புடவை அகலம் இருக்கும். இடுப்பளவு உயரத்தில், கலையாமல், கடலிலிருந்து வந்த காற்றுக்கு எதிராக அது நடந்தது. பொன்னரசு வீட்டின் வாசற்கதவைத் திரும்பியும் பார்க்காமல் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, முதல் வீட்டு வாசலில் ஒரு தேங்காய் உடைக்கிற நேரம் நின்றது, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது, அங்கே நின்றது, நகர்ந்தது. தெருக்கோடியில் பைப்படிக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்த ஆளைப் போல உதறிக்கொண்டு கலைந்துபோனது.

தெரு அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, வீதி உலா என்றால் செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் குறுக்கே நிறுத்திய பைக்குகளை எடுத்துவிட வேண்டும் என்று தெருக் கமிட்டியில் தீர்மானம் ஆனது. புகை மசூதிச் சந்துக்குள் திரும்பி லத்தீப் பாய் வீட்டு வாசலிலும் நின்றது, சிலுவை வைத்த கதவுக்கு முன்னால் ஸ்டெல்லா டீச்சருக்கும் நின்றது. டீச்சர் அதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தாள், அது உட்காரவில்லை, ஆனால் மற்ற வீடுகளைவிட அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றது என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். வாசலுக்கு வருகிற எதையும் தட்டில்லாமல் நின்று வரவேற்பது மரியாதை அல்ல என்பதால் ஆளுக்கொரு தட்டோடு நின்றார்கள். புகை போன பிறகு அந்தத் தட்டோடு அப்படியே பொன்னரசு வீட்டு மாடிக்கு ஏறி வந்து கோழி வாங்கிக்கொண்டார்கள்.

"அண்ணாச்சி, இந்தப் பார்பிக்யூ இருக்கே" என்றான் மாடசாமி, ஒரு காலைக் கடித்துக்கொண்டு, "வெறும் கறி மாதிரி இல்ல. வாயில வச்சதும் ஒரு பக்தி வருது."

"வெளிநாட்டுக்காரன் சும்மா செய்வானா?" என்றார் லத்தீப் பாய்.

"உப்பு எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பாள் கனகமணி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து.

"டாப்பு மதினி!" "அருமைக்கா!" என்று தெரு ஒரே வாயாகச் சொல்லும். சொல்லிவிட்டு மாடித் தொட்டிப் பைப்பைச் சுற்றி நின்று ஆளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கும்.

எல்லா வாசலுக்கும் போன புகை பொன்னரசு வீட்டு வாசலுக்கு மட்டும் போகவில்லை. மாடியில் அதன் பக்கத்திலேயே கனகமணியை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அது அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது. கீழே வாசலில் நிற்கச் சொன்னார். "கோழிப் புகைக்கெல்லாம் நான் தட்டெடுத்து நிக்க மாட்டேன்" என்றுவிட்டாள். யாருக்காக இந்த அடுப்பு வந்ததோ அவளைத் தவிர மற்ற எல்லோர் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகிற ஒரு புகையை உண்டாக்கிவிட்ட மனிதனின் மனசு எப்படி இருக்கும்? தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அவர் முடிவு செய்தார். கரியை மாற்றினார், சிரட்டை போட்டுப் பார்த்தார், அச்சுக் கரி போட்டுப் பார்த்தார். அடித்துவாரத்தைக் கால்வாசி திறந்தார், அரைவாசி திறந்தார். கரியை வலப்பக்கம் ஒதுக்கினார், இடப்பக்கம் ஒதுக்கினார். புது வலை வாங்கினார். வேண்டாம் என்று விட்டிருந்த வெப்பமானியையும் ஒரு நாள் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். புகை அதன் போக்கில் இறங்கி, அவள் கதவைக் கடந்து, இடப்பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது.

"என்னதான் வேணும் அதுக்கு?" என்று ஒரு வாரம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் கனகமணி. "எனக்கும் ஒண்ணும் வேண்டாம். நீங்க உங்களப் போட்டு வாட்டாதீங்க."

ஆடி பிறந்தது. கொடைக்குக் கால் நட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோரும் தட்டோடு நின்றபோது, மாடசாமி சாதாரணமாகச் சொன்னான்: "இந்த வருஷமும் ஏரல்காரரத்தான் சொல்லியிருக்கு, அண்ணாச்சி. போன வருஷம் மாதிரியே."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். கனகமணி கோழிச் சட்டியை இடுப்பில் வைத்தபடி கொஞ்ச நேரம் கனலைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"டாப்பு மதினி" என்றார்கள்.

அவள் அவர்களைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. உப்புப் பாக்கிறதுதானே உங்க வேலை? அங்க மொதலாளிக்கே பொய் எழுத மாட்டீங்கன்னு சொல்லுவாங்க."

பொன்னரசு கையில் இடுக்கி இருந்தது. தள்ளி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று எவ்வளவு யோசித்து இவ்வளவு பெரிய அடுப்பாக வாங்கினார். இந்தக் கேள்வியைத் தள்ளி வைக்க அதில் இடமில்லை. நல்லாருக்கு என்ற சொல் வழக்கம்போல் நாக்கு வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்தார். அங்கே அவர் பயந்த அழுகை இல்லை. ஒரு முடிவுத்தாளுக்காகக் காத்திருக்கிற களைப்புதான் இருந்தது.

"அள்ளிப் போட்டிருக்க, கனகம்" என்றார். "வாயில வைக்க முடியல."

லத்தீப் பாய் கையிலிருந்த துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார்.

"இன்னைக்கா?" என்றாள் கனகமணி.

"ரெண்டு வருஷமா."

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

"நேத்து வச்ச ரசம்?"

"கடல் தண்ணி."

"பொங்கலன்னைக்கு வச்ச சாம்பார்?"

"அதுல உப்பே இல்ல."

"டீச்சர், உங்களுக்குக் குடுத்துவிட்டேனே, சாளை மீன் குழம்பு?"

ஸ்டெல்லா டீச்சர் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "கனகம், கோவிச்சுக்காதே. நான் தண்ணி ஊத்தி ஊத்தி அதை ரெண்டு சட்டியாக்கி மூணு நாள் சாப்பிட்டேன்."

"எங்க வீட்டுக்கு வந்த பிரியாணியில உருளைக்கிழங்க வெட்டிப் போட்டோம்மா, உப்ப இழுக்கட்டும்னு" என்றார் லத்தீப் பாய். "பாதி மூட்டை போட்டோம்."

"மதினி, நான் இங்க ஒரு கடி கடிச்சிட்டு, மிச்சத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவிட்டுத்தான் திங்கேன்" என்றான் மாடசாமி. "இன்னைக்கு வரைக்கும்."

கனகமணியின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பொன்னரசு இடுக்கியைக் கீழே போட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாதி மூட்டை உருளைக்கிழங்கா, பாதி மூட்டையா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுடாமல் மிச்சமிருந்த கோழித் துண்டுகளை ஒரு தட்டில் எடுத்தாள்.

"இருங்க, கழுவிட்டு வாரேன். இத்தனை பேரு இருக்கீங்க, ஒருத்தருக்கு வாய் இல்ல" என்று எல்லோரையும் பொதுவாகத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

மாடியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றார்கள். பொன்னரசு, கனல் அடங்கிவிடுமே என்று வேறு வேலை இல்லாமல் இரண்டு கற்பூரத்தை வைத்து நாலு துண்டுக் கரியைப் போட்டார். புகை எழுந்தது, நின்றது, குனிந்தது, படியில் இறங்கத் தொடங்கியது.

கீழே கனகமணி கோழியைக் கழுவிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்கதவைத் திரும்பித் தோளால் தள்ளித் திறந்து வெளியே வந்தாள். வாசலில், தட்டோடு, அந்த வீட்டிலிருந்து ஒருவர் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த புகை நின்றது. திரும்பியது. அவள் காலடியில் வந்து, இடுப்புக்கு உயர்ந்து, தட்டைத் தாண்டி முகத்துக்கு நேராக ஏறி, ஒரு தேங்காய் உடைக்கிற நேரமல்ல, ஒரு தேரை நிலைக்குக் கொண்டுவருகிற நேரம் நின்றது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவே எட்டிப் பார்த்தது. பொன்னரசு படியில் பாதியில் நின்றார். அவருக்கு மேலேயும் போகத் தோன்றவில்லை, கீழேயும் போகத் தோன்றவில்லை. இப்போது அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அதை எந்தக் கண்ணாடிக் குப்பியில் கரைப்பது?

கனகமணி தும்மினாள். ஒரு முறை, இன்னொரு முறை, தட்டு நழுவுகிற அளவுக்கு இன்னொரு முறை. பிறகு கண்ணை மூடி, அண்டாவுக்கு மேல் குனிகிறவளைப் போல முகத்தை முன்னால் நீட்டி, நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். நெற்றி சுருங்கியது.

"ஏங்க!" என்று கத்தினாள், பைப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி. "எந்தக் கிறுக்கன் கற்பூரப் புகையில கோழியச் சுட்டது?"

மாடியில் நின்றவர்கள் கையிலிருந்த துண்டுகளைப் பார்த்தார்கள்.

"அது பார்பிக்யூ வாசனை இல்லியா?" என்றார் லத்தீப் பாய் மெதுவாக.

"நானும் நெனச்சேன் அண்ணாச்சி" என்றான் மாடசாமி. "வெளிநாட்டு விஷயம், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

பொன்னரசு படியில் உட்கார்ந்துவிட்டார். கையுறை போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டார். கையுறையிலிருந்த கரி முழுவதும் முகத்துக்கு வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே அதில் சந்தேகம் இருந்தது. கனகமணி தட்டை வைத்துவிட்டுப் படியேறி வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை நுனியால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"சட்டையில கரி வாடை" என்றாள். "அதுக்குக் கீழ உங்க வேர்வை வாடை. சீ, குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"காலைலதான் குளிச்சேன்."

"நல்லாருக்கு" என்றாள் அவள்.

அடுத்த வாரம் பொன்னரசு கற்பூரத்தை விட்டுவிட்டுத் தேங்காய் நார் வைத்துப் பற்றவைத்தார். புகை, எல்லாப் புகையையும் போல, நேராக வானத்துக்குப் போனது. கோலம் போட்டு, தண்ணீர் தெளித்து, தட்டோடு வாசலில் நின்ற தெரு அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போனது. அன்றைக்குக் கோழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் இரண்டாம் துண்டு கேட்கவில்லை. அவர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார், கற்பூரமா கோழியா, கோழியா கற்பூரமா என்று.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றாள் கனகமணி இருட்டில். "கற்பூரத்த வச்சே பத்த வைங்க. அது பாட்டுக்குத் தெருவச் சுத்திட்டுப் போகட்டும். அது சுத்தி முடிக்கிறதுக்குள்ள கற்பூர வாடை எரிஞ்சுபோகும், கரி மேல சாம்பல் பூக்கும். அப்புறமா கோழிய வைங்க. நீங்கதான் வச்சதும் வைக்கீங்க, அவசரம்."

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தன்னை அவசரக்காரன் என்று சொல்லக் கேட்ட பொன்னரசு, அந்த மகிழ்ச்சியில் உடனே தூங்கிப்போனார்.

அந்த வருஷம் கொடைக்கு ஏரல்காரரே வந்தார், ஆனால் அண்டாவுக்கு மேல் குனிந்தது கனகமணி. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோக்கள் முனையில் நிற்கின்றன, புகை படியிறங்கி முதலில் பொன்னரசு வீட்டு வாசலில் நின்றுவிட்டுத்தான் இடப்பக்கம் திரும்புகிறது. மாடியில் அவர் இடுக்கியோடு, கனலைக் குனிந்து பார்த்து, நரைத்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறதா, இப்போது வைக்கலாமா, வெப்பமானியைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டு நிற்பார். கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசலில் நிற்பாள். பிறகு அவள் குரல் கேட்கும்.

"சாம்பல் பூத்துட்டு. இப்ப வைங்க."